பூச்சட்டியும் மாவுச்சட்டியும்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சில சிறிய இன்பங்கள் உண்டு. மாணாக்கர் ஏட்டில் அகப்படும் வேடிக்கையான பிழைகளை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டி நகைப்பது அவற்றுள் ஒன்று. நானும் அவ்வின்பத்தைப் பல காலம் துய்த்தவன். ஒருமுறை அந்த நகைப்பை ஆசிரியர் அறையோடு நிறுத்தாமல் வகுப்புக்கும் கொண்டு சென்றேன். அதனால் நேர்ந்ததை முதலிற் சொல்லிவிட்டு, அந்தப் பிழையின் சரித்திரத்துக்குச் செல்கிறேன்.

1986ஆம் ஆண்டு. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்து வந்தேன். 'எங்கள் ஊர்த் தொழில்' என்னும் பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னேன். அவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட எளிய பொருள் வேறில்லை. மழை குறைந்த கரிசற் பூமி அது. 1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் வண்ணப் படங்களுக்காக அச்சகங்கள் வந்தன. வானம் பொய்த்த பூமிக்கு வாணம் சோறு போட்டது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆகவே பிள்ளைகள் ஏடு நிறைய எழுதி வந்தார்கள்.

ஒரு மாணவன் புஸ்வாணத்தைப் பற்றி எழுதியிருந்தான். அவன் தாயார் பட்டாசு ஆலையில் வேலை செய்தவர். கூம்பில் மருந்தை எவ்வளவு இறுக்கமாக அடைக்க வேண்டும், தளர்ந்தால் என்ன நேரும் என்பனவெல்லாம் அவன் கட்டுரையில் இருந்தன. புஸ்வாணத்துக்குப் பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் 'ஃப்ளவர் பாட்' என்று அச்சிடுவார்கள்; பூச்சட்டி என்பது பொருள். பூ என்னும் அந்தச் சொல்லை எஃப், எல், ஓ, டபிள்யூ, ஈ, ஆர் என்று எழுதவேண்டும். அவனோ எஃப், எல், ஓ, யூ, ஆர் என்று எழுதியிருந்தான். அதற்கும் ஒலி அதுவே. பொருள் மட்டும் மாவு. நான் ஏட்டை உயர்த்திப் பிடித்து, "நம் ஊரில் தீபாவளிக்கு மாவுச்சட்டி கொளுத்துகிறார்களாம்!" என்றேன். வகுப்பே சிரித்தது.

மாலைக்குள் அவனுக்கு மாவுச்சட்டி என்ற பெயர் நிலைத்துவிட்டது. காலாண்டு விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். அச்சகம் ஒன்றில் தாள் அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். வறுமை முதற் காரணம் என்பதை வீட்டைப் பார்த்ததும் அறிந்துகொண்டேன். ஆனால் அவன் தாயார், "பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று அழுதான் ஐயா" என்றும் சொன்னார். யார் தொடங்கிவைத்த கேலி என்று அவன் தாயிடம் சொல்லவில்லை போலும்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், ஒரு நூலகத்தில் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாவைக் குறிக்கும் சொல்லும் பூவைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு சொற்கள் அல்ல, ஒரே சொல் என்று அங்கே கண்டிருந்தது. பிரெஞ்சு மொழியிற் பூவைக் குறித்த சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. அரைத்துச் சலித்த மாவில் மிகச் சிறந்த, மென்மையான பகுதியை 'மாவின் பூ' என்றனர். நாளடைவில் மாவு என்ற சொல் உதிர்ந்து, பூ என்பதே மாவுக்குப் பெயராயிற்று. எழுத்திலும் வேற்றுமை இல்லை. 1400ஆம் ஆண்டில் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசருடைய ஏடுகளில், மலருக்கே எஃப், எல், ஓ, யூ, ஆர் என்னும் எழுத்துகள் காணப்படுகின்றன. இரண்டையும் இரு வகையாக எழுதும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேதான் உறுதிப்படத் தொடங்கியது. என் மாணவன் சாசர் எழுதியபடி எழுதியிருக்கிறான்! அவனை ஊர் சிரிக்கவைத்த எனக்கோ இது தெரிந்திருக்கவில்லை.

அன்று முதல் இத்தகைய ஒத்தொலிச் சொற்களைத் தேடித் திரிவது என் வழக்கமாயிற்று. ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் உள்ள சொற்கள் ஆங்கிலத்தில் இவ்வளவு மிகுந்திருப்பது ஏன்? மாணாக்கர்கள் இதை அம்மொழியின் கோணல்புத்தி என்று நினைக்கிறார்கள். கோணல் அல்ல, காலம் செய்த வேலை.

ஆங்கிலத்தில் முன்னாளில் எழுதிய எழுத்தை ஏறக்குறைய அப்படியே ஒலித்தார்கள். வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல் கே என்னும் எழுத்தில் தொடங்குகிறது. நடுவே ஜி, எச் என்று இரண்டு எழுத்துகள் ஊமையாய் நிற்கின்றன. இரவைக் குறிக்கும் 'நைட்' என்பதிலும் அவ்விரண்டும் ஊமை. இவை ஒரு காலத்தில் வாய் திறந்து பேசிய எழுத்துகள். முதற் சொல் 'க்னிக்ட்' என்பதுபோல ஒலித்தது. ஜெர்மானிய மொழியில் இச்சொற்களுக்கு உறவான 'க்னெக்ட்', 'நக்ட்' என்பவற்றில் அவ்வொலிகளை இன்றும் கேட்கலாம். அங்கே 'க்னெக்ட்' என்றால் ஏவலாள். ஒரே வேர் ஒரு நாட்டில் குதிரை ஏறிற்று, மற்றொரு நாட்டில் ஏவலனாக நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் முன்னெழுத்தின் ஒலியும் நடுவெழுத்துகளின் ஒலியும் தேய்ந்து மறைந்தபின், வீரனும் இரவும் செவிக்கு ஒன்றாயினர்.

உயிரெழுத்துகளின் கதை இன்னும் சுவையானது. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 18ஆம் நூற்றாண்டு வரையில், ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் படிப்படியாக இடம் பெயர்ந்தன. அறிஞர்கள் இதைப் பெரும் உயிர்ப் பெயர்ச்சி என்பார்கள். இறைச்சியைக் குறிக்கும் 'மீட்' என்பதையும் சந்திப்பைக் குறிக்கும் 'மீட்' என்பதையும் நோக்குங்கள். முன்னதில் ஈயும் ஏயும் சேர்ந்து வரும். பின்னதில் ஈ இரட்டித்து வரும். பழங்காலத்தில் சந்திப்பு 'மேட்' என ஒலித்தது. இறைச்சியோ இன்னும் வாயை அகலத் திறந்து சொல்லும் ஏகாரத்தோடு ஒலித்தது. இரண்டு ஒலி, ஆகவே இரண்டு எழுத்து. பின்பு இரண்டும் மேலேறி மேலேறி ஒரே ஈகாரத்தில் வந்து கூடின. கடலும் காண்டலும் 'சீ' என ஒன்றானதும், அமைதியும் துண்டும் 'பீஸ்' என ஒன்றானதும் இவ்வழியே. சில சொற்கள் மாத்திரம் ஊர்வலத்தில் பின்தங்கிவிட்டன. 'கிரேட்', 'பிரேக்' என்னும் சொற்களில் அதே ஈயும் ஏயும் இருந்தும் ஈகாரம் இல்லாதது அதனால்தான்.

ஒலி மாறியபோது எழுத்தும் உடன் மாறியிருக்கலாம் அல்லவா? மாறவில்லை, அதற்குக் காரணம் அச்சு. 1476ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் லண்டன் மாநகரை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். உயிர்ப் பெயர்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அச்சு வந்துவிட்டது. கையால் எழுதுபவன் தன் காதுக்கு ஏற்ப எழுதுவான். நூலுக்கு நூல் மாற்றுவான். அச்சுக்கோப்பவனுக்கு நிலையான எழுத்து வேண்டும். அதனால் ஆங்கிலேயர் நாக்கு முன்னே செல்ல, அவர்கள் எழுத்து ஏறக்குறையப் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 'முழுமை' என்னும் பொருளுடைய 'ஹோல்' என்ற சொல்லின் தலையில் டபிள்யூ ஒன்று வீற்றிருக்கிறதே, அது பிற்காலத்தார் சேர்த்தது. துளையைக் குறிக்கும் 'ஹோல்' என்பதோடு கலவாதிருக்க அஃது இன்று உதவுகிறது. மாணாக்கர் மதிப்பெண்ணைக் குறைக்கவும் உதவுகிறது.

இந்தச் சரித்திரத்தைப் படிக்க இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. சிவகாசித் தெருவில் ஒரு முறை நடந்தாற் போதும்.

முதலில் 'மேட்ச்'. தீக்குச்சிக்கும் அச்சொல், ஒப்புமைக்கும் பந்தயத்துக்கும் அச்சொல். ஒலியும் எழுத்தும் ஒன்றாகவே இருப்பதால் ஒரே சொல்லென எண்ணுவோம். உண்மையில் இரண்டு. தீக்குச்சியைக் குறிப்பது பிரெஞ்சுமொழி வழியாக வந்தது. அதன் பழைய பொருள் விளக்குத்திரி. ஒப்புமையைக் குறிப்பதோ பழைய ஆங்கிலச் சொல்; அதன் முதற்பொருள் துணை, இணை. உரசினால் எரியும் குச்சியை ஜான் வாக்கர் என்னும் ஆங்கில மருந்து வணிகர் 1827ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கினார். திரியின் பெயர் பிற்பாடு அத்தகைய குச்சிக்கு வந்து சேர்ந்தது.

அடுத்தது 'ஃப்யூஸ்'. வெடியின் திரிக்கு அது பெயர். நம் வீட்டு மின்பெட்டியில் பழுதாகி இருளைத் தருவதற்கும் அது பெயர். வெடித்திரியின் பெயர் கதிரைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நூல் நூற்கும் கதிரின் வடிவில் அக்காலத்து வெடிக்குழல் இருந்தது. மின்பெட்டியில் உள்ளதோ உருகுதல் என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் வேரின் பிள்ளை. மின்சாரம் மிகுந்தால் கம்பி உருகி அறும்; அதனால் அப்பெயர். திரி எரிந்தால் வெடிக்கிறது, கம்பி உருகினால் அணைகிறது. ஒரே பெயர், நேர்மாறான தொழில்!

'மேகசின்' என்பதோ இதற்கு மறுதலை. பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து வைக்கும் கிடங்கை அப்பெயரால் அழைக்கிறார்கள். அச்சகங்களில் வார, மாத இதழ்களுக்கும் அதுவே பெயர். இவை இரண்டு சொற்கள் என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் ஒன்றுதான். கிடங்கு என்னும் பொருளுடைய அரபுச்சொல் இத்தாலியும் பிரான்சும் கடந்து இங்கிலாந்தை அடைந்தது. 1731ஆம் ஆண்டில் எட்வர்டு கேவ் என்பவர் லண்டனில் ஒரு மாத இதழ் தொடங்கி, பலவகைச் செய்திகளின் கிடங்கு என்னும் கருத்தில் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். மருந்துக் கிடங்கும் இதழும் ஒரே ஊரில் அருகருகே வாழும்படி சிவகாசி இச்சொல்லின் இரு பொருளையும் சேர்த்துவைத்திருக்கிறது.

அச்சகத்தினுள்ளே நுழைந்தால் 'டை' என்ற சொல் நிற்கிறது. அட்டையை வடிவாக வெட்டும் அச்சுக்கருவி ஒன்று, சாயம் ஒன்று, இறத்தல் ஒன்று. மூன்றுக்கும் ஒரே ஒலி. சாயத்துக்கு நடுவில் ஒய். மற்ற இரண்டுக்கும் ஐ. இதில் தடுமாறும் மாணவர்களுக்கு ஓர் ஆறுதல் சொல்வேன். 1755ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை இயற்றிய சாமுவேல் ஜான்சன், சாயத்தையும் சாவையும் ஒன்றுபோல ஐ இட்டே எழுதினார். அவருக்குச் சற்று முற்பட்ட அடிசன் என்னும் உரைநடைப் பேராசான் இரண்டையும் ஒய் இட்டு எழுதினார். இருவரும் என்னிடம் மாணவராக வந்திருந்தால், ஆளுக்கு ஒரு மதிப்பெண் போயிருக்கும்.

எழுதுபொருளைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி', அசையாது நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி' என்னும் இரண்டும் தேர்வுத்தாள்களில் ஓயாது வருபவை. முன்னதன் ஈற்றயலில் ஈ, பின்னதில் ஏ. ஆயினும் இவை உடன்பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வணிகர்கள் ஊர் ஊராகத் திரிந்து விற்றார்கள். நூலும் தாளும் விற்றவரோ கல்விக்கழகங்களின் அருகில் நிலையான கடை வைத்திருந்தார். நின்ற இடத்தில் விற்றவர் ஆதலால் அவருக்கு அப்பெயர். அவர் விற்ற பொருளுக்கும் அப்பெயர்.

தமிழ் நாட்டிலிருந்து கப்பலேறிய சொற்களும் ஆங்கிலத்தில் இத்தகைய இரட்டையரை உண்டாக்கியிருக்கின்றன. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்பதன் முதற்பொருள் பணப்பெட்டி. அது பிரெஞ்சு, இத்தாலிய வழி வந்தது. அதே எழுத்தும் ஒலியும் உடைய இன்னொரு 'கேஷ்' உண்டு. அது நம்முடைய காசு. போர்த்துக்கீசியர் வாய்வழியே ஆங்கிலத்தில் ஏறியது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைக் கணக்குகளில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்று எழுதுவார்கள். 1818ஆம் ஆண்டில் ரூபாய்க் கணக்கு வரும்வரை அம்முறை நடந்தது. அக்கணக்கில் வரும் 'கேஷ்' பணப்பெட்டியின் பேரன் அல்லன், செப்புக்காசு. பழைய ஆவணங்களைப் படிக்கும் சரித்திர மாணவர்கள் இவ்விடத்தில் விழித்துக்கொள்ள வேண்டும்.

நம் கறியும் அவ்வாறே 'கரி' என்று ஆங்கிலமாயிற்று. குதிரையைத் தேய்த்துவிடுதல் என்னும் பொருளில் அங்கே முன்பே ஒரு 'கரி' இருந்தது. ஒருவரிடம் இச்சகம் பேசித் தயவு தேடுவதை 'கரி ஃபேவர்' என்கிறார்கள். தயவுக்கும் தேய்ப்புக்கும் என்ன உறவு? பழைய பிரெஞ்சுக் கதையில் ஃபாவெல் என்னும் ஒரு வஞ்சகக் குதிரை உண்டு. அக்குதிரையைத் தேய்த்துவிடுவதே முதலில் இருந்த மரபுத்தொடர். குதிரையை மறந்த மக்கள், ஃபாவெலை ஃபேவர் எனக் காதில் வாங்கினர். பிழையாகக் கேட்டது நிலைத்து இன்று இலக்கணமாகிவிட்டது. இப்படி ஒரு பிழை அகராதியில் ஏறி அமர, இன்னொரு பிழை பள்ளிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

இனி நம் வீட்டையும் சிறிது பார்க்கவேண்டும். மாவைப் பற்றிப் பேசினோம். தமிழில் மா என்றால் என்ன? மாமரம், மாவு, விலங்கு, பெருமை, இருபதில் ஒரு பங்கு, இத்தனையும் மா. ஒரே எழுத்தில் அமைந்த இச்சொல்லுக்கு முன் ஆங்கிலத்தின் எந்த இரட்டையும் நாணிப்போகும். ஒலி நெருங்கிய எழுத்துகளோ எட்டு. ண, ந, ன, ல, ள, ழ, ர, ற என்னும் இவற்றை மயங்கொலி என்கிறோம். தொல்காப்பியர் பிறப்பியலில் நுனிநா மேலண்ணத்தை ஒற்றுவதால் றகரமும், வருடுவதால் ரகரமும் பிறக்கும் என்று பிரித்துரைத்தார். மலையாளத்தார் அவ்வேறுபாட்டை இன்றும் பேச்சில் காக்கிறார்கள். தமிழரிற் பெரும்பாலோர் நாவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எழுத்து நின்றது, ஒலி நகர்ந்தது. ஆங்கிலத்துக்கு நேர்ந்த கதைதான்.

தலைமை ஆசிரியனாக இருந்தபோது எனக்கு வந்த விடுப்புக் கடிதங்களில், 'தயவுசெய்து இறக்கம் காட்டவும்' என்று பலர் எழுதியிருந்தார்கள். மேட்டிலிருந்து இறங்கச் சொல்கிறார்களோ என்று ஒரு காலத்தில் கேலி பேசியிருப்பேன். பொரி வாயில் இடுவது, பொறி பறப்பது. பட்டாசு ஆலையில் இவை மாறினால் என்னாகும்! வாணவகைகளிலே ஓசை எழுப்புவன ஒரு சாரார், ஒளி காட்டுவன மற்றொரு சாரார். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஓசை எழுப்பும் வெடிகளைச் செய்யலாகாது என்று 1999ஆம் ஆண்டில் விதி வந்தது. அந்த விதியைத் தமிழில் எழுதும்போது 'ஒலி' என்பதற்கு 'ஒளி' என்று எழுதிவிட்டால், காதுக்கு இட்ட காவல் கண்ணுக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் ழகரத்தையும் ளகரமாகவே பலர் சொல்வதால், 'ஒழி' என்பதும் இக்கூட்டத்திற் சேர்ந்துகொள்ளும்.

இக்காலத்தில் கணிப்பொறியே பிழை திருத்தித் தருமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அகராதியில் இல்லாத சொல்லை அது எளிதிற் பிடித்துவிடும். ஒத்தொலிச் சொற்களிலோ இரண்டுமே அகராதியில் உள்ளவை. எழுத்தை மட்டும் பார்க்கும் கருவி மாவுச்சட்டியையும் தடையின்றிப் போகவிடும். பொருளை நோக்கித் திருத்தும் கருவிகளும் வந்துள்ளன. அவையும் சில வேளை தவறுகின்றன. ஆகவே இணைகளை நெட்டுருப் போடுவதைவிட, அவற்றின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். அசையாக் கடைக்காரரை அறிந்தவனுக்கு எழுதுபொருட் சொல் எளிதில் மறவாது. அவர் பெயரின் ஈற்றில் ஈயும் ஆரும் இருக்கின்றன. அந்த ஈதான் அவர் விற்ற பொருளிலும் வருகிறது.

என் பழைய மாணவனைப் பற்றிச் சொல்ல மறந்தேனில்லை. தாள் அடுக்கியவன் அச்சுப்பொறி ஓட்டுபவனாகி, பின்பு சிறிய அச்சகம் ஒன்றுக்கு உரிமையாளனும் ஆனான். நான் ஓய்வு பெற்றபின் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். நண்பர்கள் இன்றும் அவனை மாவு என்றுதான் அழைக்கிறார்களாம். சாசரின் கதையை அவனிடம் சொன்னேன். சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, சார்" என்றான்.

"அன்றைக்கு எனக்கே தெரியாதப்பா" என்றேன்.

பிறகு பையிலிருந்து ஒரு பட்டாசுப் பெட்டியின் அச்சுப்படியை எடுத்து நீட்டினான். "பூ சரியாக இருக்கிறது, சார். நாலு தடவை பார்த்துவிட்டேன். வேறு பிழை உண்டா என்று பாருங்கள்." கண்ணாடியை அணிந்து பார்த்தேன். ஆங்கிலம் முழுவதும் சரியாக இருந்தது. கீழே தமிழில் 'வானவேடிக்கை' என்று இருந்தது. மூன்று சுழி போடச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.